கடலடி கண்ட கிளார்க்

காரோட்டிலிருந்து கடலை நோக்கிச் சில மைல் சென்றால் பொழியூர்க் கரை வந்துவிடும். அங்கிருந்து வடக்கே விழிஞ்ஞம், கோவளம் வரையிலும், தெற்கே குமரிக் கரை நெடுகிலும், பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை எடுக்கக் கடலில் இறங்கும் மக்கள் இருக்கின்றனர். இடுப்பில் ஒரு வலைப்பை, கையில் சிப்பியைப் பெயர்க்க ஓர் இரும்புத் துண்டு, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. இவ்வளவே அவர்களுடைய கருவிகள். இதனை முங்குதல் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. நீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டை மீனவர் பாரு என்பர். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் சிப்பி விளையும் திட்டுகளுக்குப் பார் என்றே பெயரிட்டனர். பெரிய பார், சேவல் பார் என்னும் அப்பெயர்கள் ஆங்கிலேயர் வரைந்த இலங்கைக் கடற்படங்களிலும் ஏறின. முங்குபவனை இலங்கைத் தமிழர் சுழியோடி என்பர். எவ்வளவு அழகான சொல்!

இத்தனை சொற்களைப் படைத்த நாம், அந்த ஆழத்திற் கண்டவற்றை எழுதி வைத்தோமா என்று அறிய விரும்பி ஒருநாள் நூலகத்தில் தேடினேன். முத்தைப் பற்றியும் சங்கைப் பற்றியும் நூல்கள் உண்டு. ஆனால், நம் கடலுக்குள் இறங்கிய ஒருவன் தான் கண்ட காட்சியைத் தானே விவரித்த நூல் ஒன்றும் என் கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டது ஓர் ஆங்கிலேயர் எழுதிய நூல். திருக்கோணேச்சரத்தின் பாறையடியில் அவர் மூழ்கி எழுந்த கதை அதில் இருந்தது. அவர் பெயரைக் கண்டதும் வியந்தேன். ஆர்தர் சார்லஸ் கிளார்க்!

விண்வெளிக் கதைகளின் பேராசான் என்று நம் மாணவர் அறிந்திருக்கும் அதே கிளார்க்தான். 2001-ஆம் ஆண்டின் விண்வெளிப் பயணத்தைக் கதையாக்கிப் புகழ்பெற்றவர் அவர். செயற்கைக்கோள் வழியே உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொன்னவரும் அவரே. 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் அவர் காலமானபோது நம்மிற் பலர் தொட்டிலில் கிடந்தோம், சிலர் பிறக்கவேயில்லை. ஆகவே அவரை வானத்து மனிதராகவே நாம் கேள்விப்பட்டு வந்திருக்கிறோம். அவர் தாய்நாட்டை விட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இலங்கையிற் குடியிருந்ததற்குக் காரணம் வானன்று, கடல். இக்கட்டுரை அந்தக் கடலைப் பற்றியது.

கிளார்க் 1917 டிசம்பர் 16 அன்று, இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில், மைன்ஹெட் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை முதல் உலகப் போரில் நச்சுப்புகையால் உடல் குன்றித் திரும்பிய உழவர். மகனுக்குப் பதின்மூன்று வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் பண்ணையை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். கையாலே தொலைநோக்கி செய்து நிலவைப் பார்ப்பதும், பழைய கல்லுயிர்ச் சுவடுகளைப் பொறுக்குவதும் சிறுவனுடைய பொழுதுபோக்கு. கல்லூரிக்கு அனுப்ப வீட்டிற் பணமில்லை. எனவே 1936-இல் லண்டனுக்குச் சென்று அரசாங்கத் தணிக்கை அலுவலகத்திற் கணக்கராக அமர்ந்தார். போர் வந்ததும் விமானப்படையிற் சேர்ந்தார். மூடுபனியிலும் விமானத்தைத் தரையிறக்க உதவும் ராடார் கருவியிற் பணிபுரிந்தார். அந்த நாட்களில், 1945 அக்டோபரில், வானொலி இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திற் சுற்றும் ஒரு துணைக்கோள் பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலிருக்கும். அத்தகைய மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுதும் செய்தி பரப்பலாம். இதுவே அக்கட்டுரையின் கருத்து. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. போருக்குப் பின் லண்டன் கிங்ஸ் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் பயின்று 1948-இல் முதல் வகுப்பில் தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பது. பணமில்லாமையால் கல்வி தள்ளிப்போன நம் தோழர்கள் இதனைக் கவனிக்கலாம்.

வானத்தையே எண்ணிக்கொண்டிருந்த இம்மனிதர் கடலுக்கு எப்படி வந்தார்? வழி நேரானது. விண்வெளியில் மனிதனுக்கு எடை தோன்றாது. அந்த நிலை எப்படியிருக்கும் என்று அறிய அவருக்குத் தீராத ஆசை. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எந்த மனிதனும் விண்ணுக்குச் சென்றதில்லை. தாம் உயிரோடிருக்கும்போது செல்வோம் என்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை. ஆனால், நீருக்குள் உடலின் எடையைச் சரிசெய்துகொண்டால் மேலும் போகாமல் கீழும் போகாமல் மிதக்கலாம் அல்லவா? விண்வெளிக்கு அடுத்தபடியான அனுபவம் பூமியிலேயே கிடைக்கிறதென்றால் அதனை ஏன் விடவேண்டும்? இந்தக் கணக்கிலேதான் அவர் முதன்முதல் மூச்சுக்கருவியைச் சுமந்து நீரில் இறங்கினார்.

அந்தக் கருவியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1943-இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்னும் கடற்படையாளரும் காக்னான் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து அமைத்தது அது. முதுகில் அழுத்திய காற்று நிரம்பிய உருளை. வாயில் ஒரு குழாய். இடையே ஓர் அடைப்பிதழ். இந்த அடைப்பிதழில்தான் நுட்பமெல்லாம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்குந்தோறும் நம்மேல் இன்னுமொரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. மேலே இழுத்த மூச்சு கீழே சுருங்கிவிடும். அடைப்பிதழோ, மனிதன் மூச்சிழுக்கும் கணத்தில், அவன் நிற்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒத்த காற்றை அளந்து தருகிறது. இதுவே ஸ்கூபா. நன்மை ஒருபுறமிருக்க ஆபத்தும் உண்டு. அழுத்தத்தில் இரத்தத்திற் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலெழுந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழி குமிழியாகப் பொங்கி மூட்டுகளை முடக்கும், உயிரையும் குடிக்கும். ஆகையால் சுழியோடி தன் குமிழிகளைவிட மெதுவாக ஏறவேண்டும். ஒரே மூச்சில் முங்கும் நம் ஊரார்க்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால், பாருவின் மேல் அவர்கள் நிற்கக்கூடியது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. கிளார்க்குக்கோ அரைமணியும் அதற்கு மேலும் கிடைத்தது. பார்ப்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் அந்த அரைமணி போதும்.

கிளார்க்கின் தோழர் மைக் வில்சன் என்னும் இளைஞர், சிறந்த சுழியோடி, நீரடிப் படம்பிடிப்பவர். இருவரும் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைக் காணத் திட்டமிட்டனர். 1954 டிசம்பரில் ஹிமாலயா என்னும் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியிற் கிளார்க் கொழும்புத் துறையில் ஒரு பகற்பொழுது தங்க நேர்ந்தது. அங்கே தெகிவளை விலங்குக்காட்சிச் சாலையிற் பணியாற்றிய ரொட்னி ஜொங்கிளாஸ் என்பவரைச் சந்தித்தார். ஜொங்கிளாஸ் அத்தீவின் கடலடியை உள்ளங்கைபோல் அறிந்தவர். எங்கெங்கே பவளம், எங்கெங்கே மூழ்கிய கப்பல், எந்த மாதத்தில் எந்தக் கரையில் நீர் தெளிந்திருக்கும் என்றெல்லாம் அவர் சொல்லக் கேட்ட கிளார்க்கின் மனத்தில் வித்து விழுந்துவிட்டது. ஆஸ்திரேலியப் பயணத்தைப் பற்றிப் பவளக் கடற்கரை என்ற நூலை எழுதி 1956-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வில்சனோடு இலங்கைக்கு வந்தார்.

1956 எங்கள் ஊரார் மறக்கமுடியாத ஆண்டு. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாளிலேதான் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காரோடு எல்லையூராயிற்று. ஒரு கோடு எம்மை இப்புறம் நிறுத்திய அதே காலத்தில், ஓர் அந்நியர் தாமாக விரும்பி ஒரு தீவைத் தம் ஊராக்கிக் கொண்டார் என்று படித்தபோது எனக்கு ஏதோ போலிருந்தது. இது கட்டுரைக்குப் புறம்பு, மேலே செல்வோம்.

இலங்கையின் கடற்கரையைச் சுழியோடியின் கண்ணால் பார்த்தால் அது இரண்டு தீவுகள். ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்குக் கரை அமைதியாயிருக்கும். கொழும்பு, ஹிக்கடுவை, காலி, உனவட்டுன ஆகிய இடங்களில் அப்போது இறங்கலாம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் அக்கரை கலங்கிக் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரை தெளியும். திருகோணமலையும் நிலாவெளியும் மட்டக்களப்பும் சுழியோடியை அழைக்கும். ஆக, தீவைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஆண்டில் பெரும்பகுதியும் எங்கேனும் ஓரிடத்தில் முங்கலாம். கிளார்க்கும் வில்சனும் ஜொங்கிளாசும் அவ்வாறே சுற்றினர். அந்த அலைச்சலின் பயனே 1957-இல் வெளிவந்த தப்ரபேனின் பவளத்திட்டுகள் என்னும் நூல். தப்ரபேன் என்பது பழங்கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். தாமிரபரணி என்பதன் திரிபு அது என்பர். பொருநையாற்றுக்கும் அப்பெயர் உண்டென்பது நாம் அறிந்ததே.

திருகோணமலையில் அவர்கள் முதலிற் கண்ட விந்தைகளுள் ஒன்று போர்க்காலத்தது. 1944 ஆகஸ்டில் வேலியண்ட் என்னும் பெரும் போர்க்கப்பலைத் தாங்கியபடியே ஆங்கிலேயரின் மிதக்கும் கப்பல்துறை ஒன்று அத்துறைமுகத்தில் உடைந்து அமிழ்ந்தது. கப்பல் தப்பியது, துறை கடலுக்குள் கிடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த இரும்பு மலை மீன்களின் நகரமாகிவிட்டது. அதன் இருண்ட அறைகளில் மனிதனைவிடப் பெரிய களவா மீன் குடியிருந்தது. போர்க்கருவிகூடக் கடலின் கையில் வீடாகிவிடுகிறது.

ஆனால், நமக்கு நெருக்கமான காட்சி துறைமுகத்திற்கு வெளியே, சுவாமி பாறையின் அடியில் இருந்தது. முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாகக் கடலிலிருந்து எழும் பாறை அது. அதன் முனையிலே கோணேசர் கோயில். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். அலைகள் முத்தைக் கொழித்துக் கரையேற்றும் காட்சி அப்பதிகத்தில் வருகிறது. போர்த்துக்கேயர் வந்தபோது ஆயிரந்தூண் கோயில் என்றே அதனைக் குறித்தனர். 1620-களில், கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் தளபதியின் காலத்தில், அவர்கள் அதனை இடித்தனர். கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. பாண்டியரின் இரட்டை மீன் பொறித்த கல்லொன்று அக்கோட்டை வாயிலிற் பதிந்திருப்பதை இன்றும் காணலாம். எஞ்சியவை பாறையுச்சியிலிருந்து கடலில் விழுந்தன.

கோயில் போனபின்னும் அடியார் வருவது நிற்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும், இடித்த கோயில் இருந்த உச்சியில் நின்று, மலரையும் தேங்காயையும் கடலில் இட்டு வழிபட்டு வந்தனர். முந்நூறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1950-இல் கிணறு தோண்டியபோது, முன்னோர் காப்பாற்றிப் புதைத்து வைத்த சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. திருகோணமலை மக்கள் அவற்றை ஊர்வலமாக எடுத்துக் கொண்டாடினர். கோயிலை மீண்டும் எழுப்பும் எண்ணம் வலுத்தது. கிளார்க் வந்து சேர்ந்தது அந்த வேளையில்.

பாறையின் அடிவாரத்திலே அலை மோதும் இடத்தில் அவரும் வில்சனும் இறங்கினர். நீருக்குள் இயற்கைப் பாறைகள் உருண்டு குவிந்து கிடந்தன. அவற்றிடையே, இயற்கையால் ஒருபோதும் ஆக்கமுடியாத நேர்கோடுகள் தெரிந்தன! சதுரமாகச் செதுக்கிய தூண்கள், பூ வேலைப்பாடு தேய்ந்த கற்கள், யானைத் தலைபோன்ற உருவங்கள். மேலே பாசியும் கடற்பஞ்சும் போர்த்தியிருக்க, இடையே மீன்கள் நீந்தின. வில்சன் படமெடுத்தார், கிளார்க் எழுதினார். பிற்காலத்தில் வில்சன் அக்கடலிலிருந்து மீட்ட லிங்கமொன்று கோயிலில் எழுந்தருளியது என்று கோணேசர் கோயில் வரலாறு கூறும். 1963-இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இங்கே நம் மனத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. கிளார்க் கண்டுபிடித்தார் என்று உலகம் எழுதுகிறது. கோயில் கடலுக்குள் கிடக்கிறது என்பது திருகோணமலையில் எந்தப் பாட்டிக்குத் தெரியாது? முந்நூறு ஆண்டுகள் அந்த நீரை நோக்கி மலரிட்டவர்கள் எதனை நினைத்து மலரிட்டார்கள்? இருந்தாலும், அறிந்திருந்தோம் என்பது வேறு. இறங்கிப் பார்த்து, படமெடுத்து, பிறர் படிக்க எழுதினோம் என்பது வேறு. கிளார்க் பின்னதைச் செய்தார். அவர் சைவரல்லர், கடவுள் நம்பிக்கையும் இல்லாதவர். ஆயினும், அக்கற்களைப் பற்றி எழுதுமிடத்தில் ஏளனம் இல்லை. இடித்தவர்பால் அவருக்கு அனுதாபமும் இல்லை. புதையல் தேடி இறங்கியவனுக்கு ஒரு நாட்டின் துயரம் அகப்பட்டால் எப்படி அடங்கிப்போவானோ அப்படி அடங்கிய நடையில் எழுதினார். அவரைப் பற்றி நான் உயர்வாக எண்ணத் தொடங்கியது அந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான். மைக் வில்சனின் கதையோ இன்னும் விந்தையானது. படமெடுக்க வந்தவர் பின்னாளில் எல்லாவற்றையும் விட்டுக் காவியுடுத்துச் சிவகல்கி சுவாமி என்ற பெயரோடு கதிர்காமக் கந்தனின் அடியாராக வாழ்ந்து 1995-இல் மறைந்தார். அதனைத் தனியாகவே யாரேனும் எழுதவேண்டும்.

புதையலும் அகப்படாமற் போகவில்லை. தீவின் தென்கிழக்கு மூலையில், கரைக்கு அப்பாற் பல மைல் தொலைவில், பெரிய பாசஸ் என்னும் பாறைத்தொடர் இருக்கிறது. சிங்கள மக்கள் அதனை இராவணன் கோட்டை என்பர். 1873 முதல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில வாரங்கள் மட்டுமே அங்கு இறங்க முடியும். 1961 மார்ச்சில் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே முங்கினார். கடலடியில் சிறு பீரங்கியும் வெள்ளிக் காசுகளும் கண்ணிற்பட்டன. எல்லாம் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள்; சூரத்து நாணயச்சாலையில் அடித்தவை; ஹிஜிரி 1113, அதாவது 1702-ஐ ஒட்டிய காலத்தவை. மூட்டைகளாகக் கட்டியிருந்த துணி மட்கிப்போனாலும் காசுகள் மூட்டையின் வடிவிலேயே ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. கிளார்க் அன்று கொழும்பில் இருந்தார். வில்சன் அக்காசுகளைக் கொண்டுவந்து காட்டியபோது அவருக்கு நாற்பத்துமூன்று வயது, சிறுவனைப்போல் மகிழ்ந்தார். மீண்டும் சென்று முறையாக ஆராய்வதென்று முடிவு செய்தனர். அடுத்த ஆண்டே செல்ல முடியவில்லை.

காரணம், 1962-இல் கிளார்க் படுக்கையில் விழுந்தார். கடை வாயிலில் தலை இடித்துக்கொண்டதைத் தொடர்ந்து உடல் தளர்ந்தது. சில நாட்களிற் கைகால் அசையவில்லை, மூச்சும் தடுமாறிற்று. முதுகுத்தண்டில் அடி என்றே முதலில் எண்ணினர். உண்மையில் அது இளம்பிள்ளைவாதம். குழந்தைகளுக்கு வருவதென்று நாம் நினைக்கும் நோய் நாற்பது கடந்தவரை வீழ்த்தியது. மாதக் கணக்கிற் கிடந்தார். எழுதுகோலைப் பிடிப்பதே பெரும்பாடாயிருந்த காலத்தில் டால்பின் தீவு என்ற சிறுவர் நாவலை எழுதினார். இனிக் கடலுக்குள் செல்ல வாய்க்காது என்று எண்ணிக் கடலுக்குச் சொன்ன விடைபோலவே அதனை எழுதினார் என்பதைப் பின்னர் அவரே தெரிவித்திருக்கிறார். ஆனால், விடை பெற்றதாகவில்லை. 1963-இல், நடை தளர்ந்த நிலையிலும், பெரிய பாசஸ் குழுவோடு புறப்பட்டார். கடலடித் தொல்லியலில் வல்லவரான பீட்டர் திராக்மார்ட்டன் அக்குழுவோடு சேர்ந்தார். வெள்ளிக் கட்டிகள் மேலும் கிடைத்தன. கட்டியொன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்குச் சென்றது. பெருந்திட்டின் புதையல் என்ற நூல் 1964-இல் வந்தது.

அதன்பின் நடந்தவற்றை உலகம் அறியும். குப்ரிக் என்ற திரைப்பட இயக்குநர் அழைக்க, இருவருமாக உருவாக்கிய விண்வெளிப் படம் 1968-இல் வெளிவந்தது. மறு ஆண்டில் மனிதன் நிலவில் இறங்கினான். 1975-இல் இந்தியா அமெரிக்கத் துணைக்கோளின் துணையோடு சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கியபோது, நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கொழும்பிலுள்ள கிளார்க்கின் வீட்டில் ஓர் ஏற்பியை நிறுவித் தந்தனர். இலங்கைக்கு அப்போது சொந்தத் தொலைக்காட்சி இல்லை. தாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் எழுதிய கனவு தம் வீட்டிலேயே இறங்கியதை அவர் கண்டார். 1979-இல் சொர்க்கத்தின் நீரூற்றுகள் என்ற நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு தூக்கியையே கட்டினார். அதன் அடிவாரம் தப்ரபேன் என்னும் தீவு. நிலநடுக்கோட்டின்மேல் இருக்கவேண்டும் என்பதற்காக இலங்கையைத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் இழுத்துவிட்டார்! எழுத்தாளனுக்கு இந்த உரிமை உண்டு. அதே ஆண்டு முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார்.

இளம்பிள்ளைவாதம் ஒருமுறை வந்து போவதோடு நிற்பதில்லை. இருபதாண்டுகள் கழித்து அதன் பின்விளைவு அவரைப் பற்றிக்கொண்டது. கால்கள் மெல்ல மெல்லச் சோர்ந்தன. 1988-இல் மருத்துவர்கள் அதன் பெயரைக் கண்டு சொன்னார்கள். பின்னர்ச் சக்கர நாற்காலியே துணையாயிற்று. இந்த நிலையிலும் நிலத்தில் தம்மால் நடக்க இயலாவிட்டாலும் நீருக்குள் தாம் முழு மனிதரே என்று அவர் சொல்லி வந்தார். முப்பது வயதில் எடையற்ற நிலையை அறியவேண்டும் என்ற ஆர்வம் அவரைக் கடலுக்கு அழைத்து வந்தது. எழுபது வயதில் அதே நிலை மருந்தாயிற்று. கால் தாங்காத உடலைக் கடல் தாங்கியது.

அவர் நேசித்த இடங்கள் அவர் கண்முன்னாலேயே அழிந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தென்மேற்குக் கரையில் பவளத்தை வெட்டியெடுத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்குவது ஏழைகளின் தொழில். வேறு வேலையில்லாதவனிடம் பவளத்தின் அழகைப் பேசி என்ன பயன்? வெட்டல் நிற்கவில்லை. 1998-இல் இந்தியப் பெருங்கடல் வழக்கத்திற்கு மேல் வெப்பமுற்றபோது பவளங்கள் வெளுத்து மடிந்தன. ஹிக்கடுவைத் திட்டு பெரும்பாலும் செத்துப்போயிற்று. திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவின் பவளம் மட்டும் அந்த ஆண்டில் தப்பியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. ஹிக்கடுவையில் கிளார்க்கின் முக்குளிப்பு நிலையத்தை அது அடித்துச் சென்றது. ஆனாலும் ஊரின் முன்னே காப்பிடமாக விடப்பட்ட பவளத்திட்டு அலையை ஓரளவு தணித்தது. சில கிலோமீட்டர் வடக்கே பெரலியவில், பவளம் வெட்டப்பட்ட கரையில், அலை மிக உயர்ந்து உள்ளே வெகுதூரம் புகுந்தது. அங்கே நின்ற ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்த அறிவியலார் இவ்விரு கரைகளின் வேறுபாட்டை எடுத்துக் காட்டினர். விழிஞ்ஞத்தில் துறைமுகமும் எங்கள் கரை நெடுகிலும் கற்சுவர்களும் எழுந்துவிட்ட இந்நாளில், நீருக்குள் நம் பாருகள் எந்நிலையில் இருக்கின்றன என்று கேட்க எனக்கு அச்சமாயிருக்கிறது. சிப்பிக்கு முங்குபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேட்டு எழுதத்தான் ஆளில்லை.

திருகோணமலைக்கு வேறு விதமான அழிவு வந்தது. 1983-க்குப் பிறகு அக்கடலில் விரும்பியபடி இறங்க யாருக்கும் வழியில்லை. போர்க்கலங்களும் சோதனைச் சாவடிகளும் நின்ற இடத்திற் சுழியோடிக்கு என்ன வேலை? கிளார்க் கொழும்பில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் எழுதிய பாறையடி எட்டாத இடமாயிற்று. அங்கே வாழ்ந்த தமிழர் பட்ட துன்பத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டன்று. ஆனால், அவர் அதனை மறந்திருக்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2007 டிசம்பரில் தொண்ணூறாம் பிறந்தநாளன்று தம் விருப்பங்கள் மூன்றினை அவர் வெளியிட்டார். வேற்றுலக உயிர்களைப் பற்றிய சான்று கிடைக்கவேண்டும் என்பது ஒன்று. எண்ணெயையும் நிலக்கரியையும் விட்டுத் தூய ஆற்றலுக்கு மனிதர் மாறவேண்டும் என்பது இன்னொன்று. மற்றது, தாம் ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த இலங்கையில் நிலையான அமைதி வரவேண்டும் என்பது.

மூன்று மாதத்தில் அவர் மறைந்தார். எந்தச் சமயச் சடங்கும் வேண்டா என்று முன்னரே எழுதி வைத்திருந்தபடி, கொழும்பு கனத்தை மயானத்தில் அடக்கம் நடந்தது. போர் முடிய அப்போது இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அது முடிந்த பின்பு சுழியோடிகள் மீண்டும் திருகோணமலைக்கு வரலாயினர். சுவாமி பாறையின் அடியிலே தூண்கள் கிடந்த இடத்திற் கிடக்கின்றன. மேலேயிருந்து இன்றும் மலர் விழுகிறது.